பயமே வராத உயரம்

என் பிரியத்துக்குரிய சேவியர் அண்ணா,

ரீட்டா மன்னி போன மாதம் விமானம் ஏறிவிட்டார். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? வானத்தில் விமானச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர், நம் திருச்சி விமான நிலையத்தில் என் கண்ணெதிரே படியேறி உள்ளே போனார். மஸ்கட்டில் நர்ஸ் வேலை. நீ போன பிறகுதான் படித்தார், புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், இத்தனை வருஷம் ராப்பகலாக உழைத்தார். மகள் ஆக்னஸை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

உன் மகளுக்கு இப்போது பதிமூன்று வயது. நீ பார்த்தபோது கழுத்து நிற்காத குழந்தை. இப்போது என் தோள் உயரம். பாலக்கரையில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்துவிடுவாள். உன்னைப் போலவே இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

போவதற்கு முன்னால் மன்னி என்னிடம் ஒன்று கேட்டார். உன்னைப் பற்றி. நானும் பதில் சொன்னேன். அது சரியான பதில்தானா என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். இது அச்சில் வரப்போகிறது, முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

ஒரே ஊர்க்காரர்கள்தான் என்றாலும் நமக்கு நடுவில் காவிரி ஓடியது. நான் ஸ்ரீரங்கம், உத்தர வீதி. நீ பாலக்கரை ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் நீ எனக்கு இரண்டு வருஷம் மூத்தவன். முதல் நாள் நான் மரியாதையாக "நீங்க" என்றதும், இன்னொரு தடவை அப்படிச் சொன்னால் ஆற்றில் தள்ளிவிடுவேன் என்றாய். அன்றிலிருந்து நீ எனக்கு அண்ணா. நீ விமானப்படைக்குப் போனாய் என்று நானும் போனேன். பல வருஷம் கழித்து, இமயமலை ஓரத்துத் தளத்தில் ஒரே விமானத்தில் உட்கார்ந்தோம். நீ ஸ்கிப்பர், விமானத்தின் தலைவன். உன் வலது பக்கத்து இருக்கையில் நான். நமக்குப் பின்னால் இன்ஜினியர் குறுப்பு, கொல்லத்துக்காரர், எதற்கும் பதறாத மனிதர்.

மலைமேல் காவல் நிற்கும் ஜவான்களுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் பாராசூட்டில் கட்டிப் போடுகிற வேலை. பழைய இரட்டை எஞ்சின் சரக்கு விமானம். வெளியே என்ன காற்றோ அதுதான் உள்ளேயும். அதனால் மேலே போகும்போது முகமூடி மாட்டி, குழாய் வழியாக ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

அந்த உயரம் உடம்பை என்ன செய்யும் என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. வயிற்றில் இருக்கும் வாயு பந்து மாதிரி உப்பும். சொத்தைப் பல் இருந்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். சளி பிடித்திருக்கும்போது பறந்தால், இறங்கும் நேரத்தில் காதுக்குள் ஆணி அறைவது போல இருக்கும். சில நாள் முழங்காலும் தோள்பட்டையும் உள்ளுக்குள்ளேயே குடையும். இதெல்லாம் வலி. வலி வந்தால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும், சமாளிக்கலாம்.

ஆக்சிஜன் குறைவது அப்படி இல்லை. மூச்சு முட்டும், நெஞ்சு அடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒன்றுமே ஆகாது. கொஞ்ச நேரத்தில் மனசு லேசாகும். எல்லாம் நன்றாக நடப்பது போல இருக்கும். மூளை முதலில் கைவிடுவது, மூளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்த இடத்தைத்தான்.

அந்த நாளை நீ எத்தனை தடவை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாய். உனக்கு அது ஞாபகத்திலேயே இல்லையே.

சரக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இருபதாயிரம் அடிக்கு மேலே. முன்னால் மேகம். ஒரு கணவாயைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் நம் பள்ளத்தாக்கு. நீ ஏதோ ராகம் முணுமுணுக்க ஆரம்பித்தாய். விமானத்தில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவன் நீ. சரக்குப் போட்ட சந்தோஷம் என்று நினைத்தேன். பிறகு திசை எண்ணைத் தப்பாகப் படித்தாய். நான் திருத்தினேன். மறுபடியும் அதே தப்பைப் படித்துவிட்டுச் சிரித்தாய்.

விமானம் இடது பக்கம் சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கு வலது பக்கம் என்று சொன்னேன்.

"தெரியும்டா. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாய். அவ்வளவு நிம்மதியான குரல்.

நான் என் பக்கத்துக் கட்டுப்பாட்டில் கை வைத்ததும் என் கையைத் தட்டிவிட்டாய். ஒருநாளும் என்னிடம் குரல் உயர்த்தாதவன், கண்ணைச் சுருக்கி என்னை எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்தாய். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். உன் முழங்கால் பக்கத்தில் ஆக்சிஜன் குழாய் இணைப்பிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முகமூடி முகத்தில் அப்படியே இருந்தது. நீ வெறும் மலைக்காற்றை இழுத்துக்கொண்டு, உலகத்திலேயே சந்தோஷமான ஆளாக எங்கள் எல்லோரையும் மலையில் மோத ஓட்டிக்கொண்டிருந்தாய்.

குறுப்பைக் கூப்பிட்டேன். அவர் கையில் தூக்கிப்போகிற சின்ன சிலிண்டரோடு வந்து, பின்னாலிருந்து உன்னை இருக்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு குழாயைச் செருகினார். நீ திமிறினாய். நான் வலது பக்கம் திருப்பினேன். மேகம் ஒரு விநாடி விலகியது. இடது ஜன்னலில் மலை. பாறை இடுக்கில் இறுகிக் கிடந்த பனிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நீ தலையைக் குலுக்கிக்கொண்டு, என் கட்டளை இல்லாமல் ஏன் திருப்பினாய் என்று கேட்டாய். அப்புறம் குறுப்பின் முகத்தைப் பார்த்தாய்.

"என்ன ஆச்சு?"

சொன்னோம். நீ நம்பவில்லை. நான் சரியாகத்தானே இருந்தேன் என்று தரையிறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தாய். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் குனிந்து அந்தக் குழாய் இணைப்பைத் தொட்டுப் பார்த்தாய்.

நம் மூன்று பேருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று குறுப்பு சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன். வெளியே தெரிந்தால் உன்னைப் பறக்க விடமாட்டார்கள் என்ற பயம் எங்களுக்கு. நீ கேட்கவில்லை. நேராகப் போய் அதிகாரியிடம் உன்னைப் பற்றி நீயே சொன்னாய். இன்னொரு குழாய் இன்னொருவன் முழங்காலில் கழன்று தொங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டாய். எல்லா விமானத்துக் குழாய் இணைப்புகளையும் சோதித்தார்கள். உன்னை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வா என்றார்கள்.

அந்த லீவை நினைத்தால் இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. மன்னிக்கு அப்போது ஐந்து மாதம். நீ காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதலில் விரல்களை விரித்து, ஆக்சிஜன் குறைந்து நகம் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பாயாம். கணக்குக் கேள், நான் சரியாகச் சொல்கிறேனா பார் என்று மன்னியை நச்சரிப்பாயாம். முதலில் அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாராம். அப்புறம் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

எனக்கும் லீவு கிடைத்து வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா உன்னைப் பார்த்ததும், எம்பெருமான்தான் உங்க ரெண்டு பேரையும் கொண்டுவந்து சேர்த்தார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உனக்குக் காபி கலந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கொள்ளிடக் கரைப் பக்கம் நடந்தோம். மணலில் உட்கார்ந்தோம்.

"வரதா, அப்ப எனக்குப் பயமே இல்லடா. சந்தோஷமா இருந்தேன்" என்றாய். "சாகப்போற நேரத்துல அவ்வளவு சந்தோஷமா இருந்தேன்னா, இப்ப நான் சரியா யோசிக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நம் மனசு கெட்டுப்போனதை நம் மனசே எப்படிக் கண்டுபிடிக்கும்?

பறக்கத் தகுதி என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தாய். வந்ததும் ஒரு வழக்கம் கொண்டுவந்தாய். மேலே போன பிறகு கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் இன்னொருவரிடம் எதையாவது கேட்க வேண்டும். ஊர், தெரு, வழி, கூட்டல் கழித்தல், எதுவானாலும் சரி. பதில் தடுமாறினால் வாதாடக் கூடாது, உடனே குழாயைப் பார்க்க வேண்டும், கீழே இறங்க வேண்டும். மெஸ்ஸில் கேலி செய்தார்கள். பரீட்சை வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். நீ கண்டுகொள்ளவில்லை.

அந்த வழக்கம் என் உயிரைக் காப்பாற்றியது. பனிக்காலத்தில் ஒருநாள், உங்க வீட்டிலிருந்து கொள்ளிடத்துக்கு எப்படிப் போவாய் என்று கேட்டாய். காவிரிக்கு அக்கரையில் இருக்கிற மலைக்கோட்டையை ஏறி இறங்கினால் கொள்ளிடம் என்று நான் சொன்னேனாம். எனக்கு அது நல்ல பதிலாகவே பட்டது. வெளிச்சம் கொஞ்சம் மங்கியது போல இருந்தது, சாயங்காலம் ஆகிவிட்டது என்று எண்ணினேன். உச்சிவெயில் நேரம் அது. நீ கேள்விக்குமேல் கேள்வி கேட்கவில்லை. விமானத்தைக் கீழே இறக்கிக்கொண்டே குறுப்பிடம் சொல்லி என் முகமூடியை மாற்றினாய். என் மூச்சின் ஈரமே வால்வில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்திருந்தது. நினைவு தெளிந்ததும் கண்முன்னால் நிறங்கள் திரும்பி வந்தன. வானம் அவ்வளவு நீலமாக இருந்ததைப் பார்த்து நான் அழுதேன். இல்லாமல் போனபோது அது போனதே எனக்குத் தெரியவில்லையே என்ற திகிலில் வந்த அழுகை.

ஆக்னஸ் பிறந்து நீ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, எனக்குச் சளி பிடித்தது. லேசான சளிதான். யாரும் அதற்கெல்லாம் டாக்டரிடம் போகமாட்டோம், பறக்க விடமாட்டார்களே. நீதான் என் பேச்சில் மூக்கடைப்பு இருப்பதைக் கேட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். காது சவ்வு கிழிந்தால் வாழ்நாள் முழுக்கப் பறக்க முடியாது, போய்ப் படு என்றாய். டாக்டர் மூன்று நாள் ஓய்வு எழுதினார்.

அடுத்த நாள் காலையில் எனக்குப் பதிலாகப் புதிதாக வந்திருந்த பஞ்சாபிப் பையன் உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். அறை வாசலில் நின்று, கஷாயம் குடி என்று சொல்லிவிட்டுப் போனாய். சரக்கைப் போட்டாயிற்று என்று ரேடியோவில் உன் குரல் வந்ததாம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

தளத்தில் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எரிபொருள் எவ்வளவு நேரம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் தாண்டிய பிறகும் யாரும் அங்கிருந்து நகரவில்லை. பிறகு ஒரு மலைச்சரிவில் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். நீ, குறுப்பு, அந்தப் பையன், பின்னால் சரக்குப் போடுகிறவர்கள், யாரும் மிஞ்சவில்லை. மேகமா, எஞ்சினா, ஆக்சிஜனா என்று விசாரித்தார்கள். காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்றுதான் முடிந்தது.

உன்னைத் திருச்சிக்குக் கொண்டுவந்தபோது கூடவே வந்தேன். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மன்னி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த மூடிய பலகையைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் அப்புறம் ஒரு வருஷம்தான் பறந்தேன். முகமூடி மாட்டியதும், குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பார்த்தது உண்மைதானா என்ற சந்தேகம் வந்துவிடும். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. இன்றுவரை எந்த விமானத்திலும் கால் வைக்கவில்லை.

போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மன்னி எங்கள் வீட்டுக்கு வந்தார். விமானத்தில் என்ன ஆகும் என்று சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பயணிகள் விமானத்தில் உள்ளே காற்றை அடைத்து வைத்திருப்பார்கள், நாங்கள் ஓட்டியது மாதிரி இல்லை. இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் ஒன்றைச் சப்பி எச்சில் விழுங்குங்கள். எப்போதாவது மேலிருந்து முகமூடி விழுந்தால், யாரையும் பார்க்காமல் முதலில் உங்களுக்கு மாட்டிக்கொள்ளுங்கள், பக்கத்து ஆளுக்கு அப்புறம்.

அவர் தலையாட்டினார். "ஆக்சிஜன் கொறஞ்சா மனுஷன் எப்படி ஆவான்னு எனக்குத் தெரியும் தம்பி. வார்டுல பாக்கறேன். சில பேர் சிரிப்பாங்க."

கொஞ்ச நேரம் சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.

"அவர் கடைசியில பயந்திருப்பாரா? இல்ல, அந்த முதல் தடவை மாதிரி சிரிச்சுக்கிட்டே போயிருப்பாரா?"

சிரித்துக்கொண்டே போயிருப்பார் என்று சொல்லிவிடலாம். வலி தெரியாமல், பயம் தெரியாமல் போனார் என்று சொன்னால் எந்த மனைவிக்கும் அது ஆறுதல்தான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கொள்ளிடக் கரையில் நீ எதற்கு நடுங்கினாய் என்று எனக்குத் தெரியுமே. சாவுக்கு நீ நடுங்கவில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் நடுங்கினாய்.

"பயந்திருப்பார் மன்னி" என்றேன். "முழு நினைவோட பயந்திருப்பார். கடைசி வரைக்கும் விமானத்தைத் திருப்பப் பார்த்திருப்பார்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னி அழுதார், சத்தமில்லாமல். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"அப்ப எங்களை நெனச்சிருப்பார். சிரிச்சிருந்தா நாங்க ஞாபகத்துல இருந்திருக்க மாட்டோம்."

இதுதான் நடந்தது, அண்ணா. நான் சொன்னது சரியா? உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை, தெரிந்தது போலச் சொல்லிவிட்டேன். நீ பயந்தாய் என்று சொல்லி ஒரு பெண்ணைத் தேற்றியிருக்கிறேன். அது உனக்குச் சம்மதம்தானா?

விமான நிலையத்தில் ஆக்னஸ் என் பக்கத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னி படிக்கட்டில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார். கை காட்டவில்லை. கைப்பிடியை விட அவருக்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது. விமானம் ஓடி, மேலே எழும்பி, பொன்மலைப் பக்கம் சின்னப் புள்ளியாகப் போகும் வரைக்கும் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். மாமா, கைய விடுங்க, வலிக்குது என்று ஆக்னஸ் சொன்ன பிறகுதான் அவள் மணிக்கட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று தெரிந்தது.

மஸ்கட்டிலிருந்து தொழிற்சாலை ஆபீஸுக்குப் போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவில் மன்னியின் குரல். வந்து சேர்ந்துட்டேன் தம்பி, வழி முழுக்கப் பயந்துக்கிட்டேதான் வந்தேன், ஒரு நிமிஷம் கண்ணை மூடல என்றார். எனக்கு அப்போதுதான் சோறு இறங்கியது.

கோடை விடுமுறைக்கு ஆக்னஸ் அம்மாவிடம் போகப்போகிறாள். பம்பாய் வரை பெரியவர்கள் யாராவது கூடப் போக வேண்டும், அங்கிருந்து மன்னியின் தோழி ஒருத்தி கூட்டிப் போவாள். ரயிலில் அனுப்பலாம் என்று பெரியம்மா சொன்னார். ஆக்னஸுக்கு விமானத்தில்தான் போக வேண்டுமாம். அப்பா பார்த்த மேகத்தை நானும் மேலேயிருந்து பார்க்கணும் என்கிறாள். அவளிடம் நான் எப்படி முடியாது என்று சொல்வேன்?

நான் போகிறேன், அண்ணா. டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்காருவேன். என் கால் நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், அவள் அதைப் பார்த்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும். உன் பெண்ணைப் பத்திரமாகத் தரையில் இறக்கும் வரைக்கும் ஒரு நொடிகூட அந்தப் பயத்தை நான் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

காவிரிக்கு இந்தக் கரையிலிருந்து,
உன் கூடப்பிறக்காத தம்பி,
வரதன்